ஆரணியாறு - கொசத்தலையாறு வடிநிலத்தில் கூட்டு நீர் மேலாண்மை

இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தில் பாயும் ஆரணியாற்றையும் அதன் அண்டை ஆறான கொசத்தலையாற்றையும் பற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி நகரத்துடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆரணியாறு - கொசத்தலையாறு வடிநிலத்தில் கூட்டு நீர் மேலாண்மை என்பது, ஆந்திரப் பிரதேசத்தின் தென்பகுதியிலும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் பரவியுள்ள இவ்விரு ஆறுகளின் நீரை ஊர் மக்கள், உழவர்கள், அரசுத் துறைகள், நகரம், தொழிற்சாலைகள் ஆகியோர் பகிர்ந்து பேணும் முறைகளைக் குறிக்கும். இவற்றுள் மிகப் பழமையானது ஏரிப் பாசன முறை ஆகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாநகரின் குடிநீர்த் தேவையும், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் தொழில் வளர்ச்சியும் இவ்வடிநிலத்தைச் சார்ந்தமையால், ஓர் ஊரின் எல்லைக்குள் முடிந்த பழைய ஏற்பாடுகள் போதாமல் போயின. தலைப்பகுதியில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கும், கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாவதற்கும் உள்ள தொடர்பே இவ்வடிநிலத்தின் மையச் சிக்கலாகக் கருதப்படுகின்றது.

புவியியல்

ஆரணியாறு ஆந்திரப் பிரதேசத்தின் கார்வேட்டிநகரம் பகுதி மலைகளில் தோன்றி, நாகலாபுரம், பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி ஆகிய ஊர்களின் வழியே வந்து ஊத்துக்கோட்டைக்கு அருகில் தமிழ்நாட்டினுள் நுழைகின்றது. பின்னர் பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்து பழவேற்காடு ஏரியின் தென்பகுதியை அடைகின்றது. ஆற்றின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி ஆந்திரத்தில் உள்ளது. பிச்சாட்டூரில் ஆந்திர அரசின் ஆரணியாறு அணை அமைந்துள்ளது. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 1.85 டி.எம்.சி. ஆகும்.

கொசத்தலையாற்றுக்கு இரு முக்கியக் கிளைகள் உள்ளன. ஒன்று காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரைக் கொண்டு வருவது. மற்றொன்று ஆந்திர மலைகளில் இருந்து இறங்கும் நகரி ஆறு. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே ஓர் ஆற்றின் தலைநீராக அமைவது ஏரி நாடான தொண்டை மண்டலத்துக்கே உரிய இயல்பு எனலாம். கேசவரம் அணைக்கட்டில் இவ்வாற்றிலிருந்து கூவம் பிரிகின்றது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் (சத்தியமூர்த்தி சாகர், 3,231 மில்லியன் கன அடி) இவ்வாற்றின் குறுக்கே அமைந்துள்ளது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் ஆகிய இடங்களில் அணைக்கட்டுகள் உள்ளன.

இரு ஆறுகளும் தனித்தனியே ஓடினாலும், கிழக்கே சமவெளியில் அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே மணற்படுகை ஆகும். பாலாறு ஒரு காலத்தில் இவ்வழியே ஓடிக் கடலில் கலந்தது எனப் புவியியலாளர் கூறுவர். கொசத்தலையாற்றுக்கு வழங்கும் 'விருத்த க்ஷீர நதி' (பழைய பாலாறு) என்னும் வடமொழிப் பெயரும் இதனையே சுட்டுகின்றது. அப்பழைய ஆறு விட்டுச்சென்ற கனத்த மணலும் கூழாங்கல்லும்தான் இன்றைய நிலத்தடி நீரின் கொள்கலம். மேற்கே களிமண்ணும் பாறையும் மிகுந்த பகுதிகளில் இந்த வசதி இல்லை. அங்கு மழைநீரைத் தேக்கி வைக்க ஏரிகளே துணை.

மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. புயல் மழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே காணப்படும்.

ஏரித் தொடர்

இவ்வடிநிலத்தின் ஏரிகள் தனித்தனி நீர்நிலைகள் அல்ல. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியாக வழியும் நீர், வரத்துக் கால்வாய் வழியே அடுத்த ஊரின் ஏரியை அடையும். அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். எனவே மேலூர்க்காரர் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழூரின் நடவு பாதிக்கப்படும். அதே சமயம் மேலேரியின் கரை உடைந்தால் வெள்ளம் கீழேரியின் கரையையும் சேர்த்து அடித்துச் செல்லும். மேலூரும் கீழூரும் ஒன்றையொன்று புறக்கணிக்க இயலாதவாறு நிலத்தின் அமைப்பே அவற்றைப் பிணைத்திருந்தது.

ஊருக்குள் நீரைப் பங்கிடும் பணி 'நீர்க்கட்டி' அல்லது 'கம்புகட்டி' எனப்பட்ட ஊழியரிடம் விடப்பட்டது. மதகைத் திறப்பது, அடைப்பது, தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வைப்பது, மழைக் காலத்தில் கரையைக் காவல் காப்பது ஆகியவை அவர் பொறுப்பு. ஊதியம் பணமாக அன்றி, அறுவடையில் ஒரு பங்காக வழங்கப்பட்டது. பெரும்பாலான ஊர்களில் இப்பணியைத் தலித் சமூகத்தினர் செய்தனர். நிலமற்றவர் எந்த வயலுக்கும் சார்பாக நடக்கமாட்டார் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். எனினும் நீரைப் பகிர்ந்தளித்தவருக்கு அந்நீரில் உரிமை இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். பழைய ஏரி நிருவாகத்தைச் சமத்துவமான பொற்காலமாகச் சித்திரிக்கும் எழுத்துகள் இதைக் கடந்து சென்றுவிடுகின்றன.

ஏரிக்குத் தனி வாரியம் இருந்தமைக்கு, பராந்தக சோழன் காலத்து (10ஆம் நூற்றாண்டு) உத்திரமேரூர்க் கல்வெட்டு சான்றாகும். திருவள்ளூர் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொன்னேரிப் பகுதியையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு சாகீரில், 1767 முதல் 1774 வரை ஆங்கிலப் பொறியாளர் தாமசு பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பு, ஒவ்வோர் ஊரிலும் விளைச்சலிலிருந்து எந்தெந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்துள்ளது. ஏரிப் பராமரிப்புக்கான பங்கும் அவற்றுள் ஒன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் வரி முழுவதும் அரசுக்குச் சென்றபின், ஏரிக்கான அப்பங்கு மறைந்தது. ஆனால் வேலை செய்யும் கடமை மட்டும் ஊர் மக்கள் தலையில் எஞ்சியது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்து வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க வழிவகுத்தது. வருவாயைப் பறித்துக்கொண்டு உழைப்பை மட்டும் சட்டத்தால் கேட்ட இந்த ஏற்பாடு பெரிதாகப் பயன் தரவில்லை. விடுதலைக்குப் பிறகு 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சேர்ந்தன. ஒரே தொடரிலுள்ள மேலேரி ஒரு துறைக்கும் கீழேரி மற்றொரு துறைக்கும் உரியதானது இதன் விளைவு.

நகரமும் கிணறுகளும்

1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் நடைபெற்ற ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வளமான நிலத்தடி நீர் இருப்பதைக் கண்டறிந்தது. இங்கிருந்து சென்னைக்கும் அதன் வடபகுதித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. பின்னர் பூண்டி, கன்னிகைப்பேர் ஆகிய இடங்களிலும் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டன. இதே காலத்தில் உழவர்களும் மின் இறைப்பிக்கு மாறினர். உழவுக்கு இலவச மின்சாரம் வந்தபின் ஏரியை நம்பியிருந்தவர்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பத் தொடங்கினர். சொந்தக் கிணறு உள்ளவருக்கு ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர் வாரும் அக்கறை குறைவது இயல்பே.

கடலோரத்தில் அளவுக்கு மீறி நீர் எடுப்பதன் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உதவும். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது. எனவே கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நிற்கும் நன்னீர், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும். அதே கணக்கின்படி, நீர்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் உப்பு நீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறக்கூடும். மீஞ்சூர்ப் பகுதியில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே சென்றது. 1969இல் கடலிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்பு நீரின் எல்லை, 1983இல் 7 கிலோமீட்டரையும், 1987இல் 9 கிலோமீட்டரையும் எட்டியது. பின்னர் அது 10 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் பதிவானது. கடற்கரையையே பார்த்திராத வயல்களில் கிணறு உப்பானது இவ்வாறுதான்.

இதைக் கட்டுப்படுத்த 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் வறட்சி ஆண்டுகளில் நகரம் மீண்டும் இவ்வடிநிலத்தையே நாடியது. 2000களின் முற்பகுதியில் சென்னைக் குடிநீர் வாரியம் உழவர்களின் கிணறுகளை வாடகைக்கு எடுத்து, அவர்களிடம் நீரை விலைக்கு வாங்கியது. கிணற்று உரிமையாளருக்கு நெல்லைவிட நீர் விற்பனையில் உறுதியான வருமானம் கிடைத்தது. நிலமற்ற கூலித் தொழிலாளருக்கோ வேலை போயிற்று, குடிநீர்க் கிணற்றின் நீரும் இறங்கிற்று. தனியொருவரின் கிணற்றிலிருந்து விற்கப்பட்டது அவருடைய நிலத்தின் நீர் மட்டுமன்று. அண்டை வயல்களின் அடியிலிருந்த நீரும்தான். இதனால் சில ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது.

தேர்வாய் கண்டிகை

கும்மிடிப்பூண்டி வட்டத்தின் மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய மேட்டு நிலத்தில் தேர்வாய் கண்டிகை அமைந்துள்ளது. பெரும்பான்மையாகத் தலித் மக்கள் வாழும் இவ்வூரில், மேய்க்கால் புறம்போக்கு எனப் பதிவான காட்டு நிலத்தை மக்கள் பல தலைமுறைகளாகப் பேணி வந்தனர். கால்நடை மேய்ச்சல், விறகு, காட்டு விளைபொருள்கள் ஆகியவற்றுடன், அங்கு பெய்யும் மழையே சுற்றுவட்டார ஏரிகளை நிரப்பியது. சட்டத்தின் பார்வையில் அது அரசின் 'புறம்போக்கு'. ஊராருக்கு அது ஏரியின் நீர்ப்பிடிப்பு.

2007இல் அந்நிலத்தில் ஏறக்குறைய 1,100 ஏக்கரைத் தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகத்தின் (சிப்காட்) தொழிற்பூங்காவுக்கு ஒதுக்க முடிவானது. 2009இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிச்செலின், அங்கு ஆலை அமைக்க மாநில அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. தொழிற்பூங்காவால் வேலைவாய்ப்புப் பெருகும் என்பது அரசின் வாதம். காடு அழிந்தால் ஏரிக்கு வரும் நீர் குறையும் என்பது ஊராரின் வாதம். மறியல், உண்ணாநிலை, நீதிமன்ற வழக்கு எனப் போராட்டம் சில ஆண்டுகள் நீடித்தது. மரங்கள் வெட்டப்பட்டுப் பணிகள் தொடர்ந்தன. 2012இல் ஊர்ச் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகள் சிலவும் சேர்ந்து, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் நெறிகளைக் கண்காணிக்கும் பிரெஞ்சு தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டன. நிறுவனம் நெறிகளை மீறவில்லை என 2013இல் கூறிய அம்மையம், ஆலையின் சமூக, சுற்றுச்சூழல் விளைவுகளை மேலும் மதிப்பிடப் பரிந்துரைத்தது.

இதே வட்டாரத்தில், கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய இரு ஏரிகளை இணைத்துச் சென்னைக்கான புதிய நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி ஆகும். கண்டலேறு - பூண்டிக் கால்வாயில் வரும் கிருட்டிணா நீரும் இதில் தேக்கப்படுகின்றது. ஊர் ஏரி நகரத்தின் நீர்த்தேக்கமாக மாறுகையில், பயன்பெறுவோர் யார் என்பதும், மதகின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதும் மாறிவிடுகின்றன.

மீட்பு முயற்சிகள்

2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளில் உழவர் மேலாண்மைச் சட்டம், ஆயக்கட்டு உழவர்களைக் கொண்டு நீர்ப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க வழிசெய்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் 2007இல் தொடங்கிய நீர்வள, நிலவளத் திட்டத்தில் ஆரணியாறு உபவடிநிலமும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் சட்டமும் வந்தது. ஆனால் அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கே உரியது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செலவில் 10 விழுக்காட்டை உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்க வேண்டும் என்பது அதன் விதி.

சங்கங்களின் உறுப்பினர் ஆயக்கட்டில் நிலம் உடையோர் என்பதால், கூலித் தொழிலாளர், மீனவர், மேய்ப்பர் ஆகியோர் வெளியே நிற்கின்றனர். மேலும் தூர் வாருதல் பெரும்பாலும் ஏரியின் வயிற்றோடு நின்றுவிடுகின்றது. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும்போது ஏரியை ஆழப்படுத்துவது, குழாயைத் திறக்காமல் குடத்தைப் பெரிதாக்குவது போன்றதே.

அளவிட்டு அறியப்பட்ட பயன் தடுப்பணைகளில் கிடைத்துள்ளது. ஆரணியாற்றின் குறுக்கே பாலேசுவரத்தில் 2010இல் கட்டப்பட்ட தடுப்பணையை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். தேங்கிய நீர் ஆற்று மணல் வழியே இறங்கி, அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் உயர்த்துவதை அவர்கள் கண்டறிந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2011 முதல் 2014 வரை நடந்த 'சாப் பானி' ஆய்வுத் திட்டத்தில் இதுவும் ஒன்றாகும். அத்திட்டத்தில் கடலுக்கு அருகே ஆண்டார்மடத்தில் வெட்டப்பட்ட சிறிய கசிவுநீர்க் குட்டையும், அதையொட்டிய நிலத்தடி நீரின் உப்புத்தன்மையைக் குறைத்தது. ஆயினும் தடுப்பணை தேக்குவது மேலிருந்து வரும் நீரைத்தான். ஆற்று மணல் அள்ளப்பட்டுவிட்டால் தேங்கிய நீரைச் சேமிக்கும் இடமும் குறைந்துவிடும்.

ஆற்றின் முடிவில் உள்ள பழவேற்காட்டில் வேறொரு கூட்டு ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அங்குள்ள மீனவர்கள் 'பாடு' எனப்படும் முறையில் மீன்பிடி இடங்களைக் குலுக்கல் மூலம் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களின் இறால், மீன் வளம் ஆரணியாறு கொண்டுவரும் நன்னீரைப் பொறுத்தது. ஆனால் மேலே ஆற்று நீர் குறித்து முடிவெடுக்கும் சங்கங்கள் எதிலும் அவர்களுக்கு இடம் இல்லை.

பிற இடங்களுடன் ஒப்பீடு

இராசசுத்தானின் அல்வர் மாவட்டத்தில் அர்வாரி ஆற்றின் நீர்ப்பிடிப்பிலுள்ள 70க்கும் மேற்பட்ட ஊர்கள், தருண் பாரத் சங்கத்தின் முயற்சியால் 1990களின் இறுதியில் 'ஆற்று நாடாளுமன்றம்' ஒன்றை அமைத்தன. நீர் மிகுதியாகத் தேவைப்படும் பயிர்களைத் தவிர்ப்பது போன்ற விதிகளை அது வகுத்தது. அங்கு ஆற்றைச் சார்ந்த பெருநகரம் ஏதும் இல்லாததால், அம்முறையை ஆரணியாற்றுக்கு அப்படியே பொருத்த இயலாது.

நெருக்கமான ஒப்பீடு நியூயார்க் நகரமாகும். 1997இல் அந்நகரம் கேட்சுகில் மலைப்பகுதி ஊர்களுடன் உடன்பாடு செய்து, நீர்ப்பிடிப்பைக் காக்கும் வகையில் நிலத்தைப் பயன்படுத்துவதற்கு உழவர்களுக்கும் ஊர்களுக்கும் நிதி அளிக்கின்றது. சென்னையும் திருவள்ளூர் உழவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஆனால் அப்பணம் நீரை வெளியே எடுத்ததற்காகத் தரப்பட்டது. மண்ணுக்குள் இறக்கியதற்காக அன்று.

மாநிலங்களுக்கு இடையிலான நிலை

1983இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை உடன்பாட்டின்படி கிருட்டிணா நீர் 1996இல் முதன்முறையாகத் தமிழ்நாட்டு எல்லையை அடைந்தது. அதற்கான கால்வாய் ஆரணியாற்றை ஒட்டிய ஊத்துக்கோட்டை அருகிலேயே எல்லையைக் கடக்கின்றது. தொலைதூர ஆற்றின் நீருக்கு அளவும் கணக்கும் வகுக்கப்பட்டுள்ள அதே இடத்தில், அருகிலுள்ள ஆற்றின் வெள்ளம் பெருமழைக் காலங்களில் பிச்சாட்டூர் அணை திறக்கப்படும்போது எச்சரிக்கைச் செய்தியுடன் வந்து சேர்கின்றது.

கொசத்தலையாற்றின் நீர்ப்பிடிப்பு 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 சதுர கிலோமீட்டர் ஆந்திரத்தில் உள்ளது. நகரிப் பகுதியில் இவ்வாற்றின் குறுக்கே இரு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு திட்டமிட்டபோது, பூண்டிக்கு வரும் நீர் பாதிக்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 ஆகத்தில் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கீழ்ப்பகுதி மாநிலத்தின் இசைவின்றி இத்தகைய பணிகளை மேற்கொள்ளக் கூடாது என அக்கடிதம் கேட்டுக்கொண்டது. கலங்கலை உயர்த்தும் மேலூரிடம் கீழூர் எழுப்பி வந்த அதே முறையீடு, இம்முறை இரு தலைமைச் செயலகங்களுக்கு இடையே எழுந்தது.